சண்டைக்குப் போகாத துவக்கு

என் அன்பு மகனே,

முதலில் ஒரு சின்ன விஷயம்: நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யாரென்று எனக்கும் தெரியாது, அந்தப் பாவப்பட்ட மனிதருக்கும் தெரியாது. எனக்கு இப்போது பத்தொன்பது வயது. பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் நீண்ட கடிதங்களை எல்லோரும் தலை நரைத்த பிறகுதான் எழுதுகிறார்கள். அதற்குள் செய்த பிழைகளில் பாதி மறந்துபோகும், மீதி அழகாகிவிடும். என்னுடைய பிழைகள் இன்னும் ஆறவில்லை. தொட்டால் சுடுகின்றன. அதனால் சூட்டோடு எழுதி வைக்கிறேன், நீ வளர்ந்து ஆளானதும் வாசி. நீ மகளாகப் பிறந்துவிட்டால் ‘மகனே’ என்று வரும் இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு எழுதிக்கொள், நான் கோபிக்க மாட்டேன்.

அடுத்த கிழமை நான் ஒஸ்லோவை விட்டு வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகருக்குப் போகிறேன். அங்கே ஐந்து வருடம் உலோகப் பொறியியல் படிக்கப்போகிறேன். வீட்டை விட்டுப் போகிறவர்கள் தங்களுக்கென்று என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள் அல்லவா? நானும் பார்த்தேன். ஒரு சைக்கிள், ஒரு மடிக்கணினி, ஒரு பழைய துவக்கு. எங்கள் தமிழில் துப்பாக்கிக்குத் துவக்கு என்றுதான் பெயர். ஆகவே என் கதையின் துவக்கமும் துவக்கு, நடுவும் துவக்கு. அதை உனக்குச் சொத்தாகத் தரலாம் என்றிருந்தேன். அது நடக்கப்போவதில்லை. உனக்கு ஒன்று வேண்டுமென்றால் நீயேதான் தேடிக்கொள்ள வேண்டும். எப்படித் தேடுவது, எப்படித் தேடக்கூடாது, என் துவக்கு உனக்கு ஏன் கிடைக்காது, இவற்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பதினைந்து வயதில் பாடசாலையில் எங்களை ஒஸ்லோவின் பழைய கோட்டைக்குள் இருக்கும் ஆயுத அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். மற்றப் பிள்ளைகள் பீரங்கிக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். உள்ளே கம்மர்லாடர் என்று ஒரு துவக்கு, நூற்றைம்பது வருடத்துக்கும் மேலானது. அக்காலத்துத் துவக்குகளுக்கு வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். இதற்கு அப்படியில்லை. பக்கத்தில் தையல் இயந்திரத்துக்கு இருப்பதுபோல ஒரு கைபிடி. அதைச் சுற்றினால் பின்னால் ஒரு சின்ன அறை தலையை உயர்த்தி எட்டிப் பார்க்கும். அதற்குள் போட்டுவிட்டு மறுபக்கம் சுற்றினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மருந்தை வெடிக்கவைக்கும் சுத்தியல் மேலே இல்லை, வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளைப் பார்த்துச் சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. இவ்வளவு குறும்பாக ஒன்றைச் செய்தவன் என்னுடைய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு அது வேண்டும். நோர்வேயில் ஒரு வசதி இருக்கிறது. மிகப் பழைய காலத்தில் செய்த, இன்று கடையில் குண்டு கிடைக்காத நீளத் துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. வயது வந்தவர் யாரும் வாங்கிச் சுவரில் மாட்டலாம். (உன் காலத்தில் சட்டம் மாறியிருக்கலாம். முதலில் பொலிசைக் கேள், பிறகு மனதைக் கேள்.) ஆனால் நல்ல கம்மர்லாடரின் விலையைக் கேட்டால் துவக்கு சுடத் தேவையில்லை, விலையே சுடும். ஐஸ்கிரீம் கடையில் கோடை முழுவதும் கரண்டி பிடிக்கும் பிள்ளை என்ன செய்வாள்? மலிவாகக் கிடைக்கும் வழியைத் தேடுவாள். தேடி, ஏமாறுவாள்.

என் முதல் ஏமாற்றத்துக்கு வயது பதினாறு. இணையத்தில் ஒருவர் மங்கலான நான்கு படங்களைப் போட்டு, ‘பாட்டனாரின் துவக்கு, அவசர விற்பனை’ என்று எழுதியிருந்தார். மங்கலான படமும் அவசரமும் சேர்ந்து வந்தால் நீ மட்டும் அவசரப்படாதே. நான் அவசரப்பட்டேன், அவரும் அவசரத்தில் என் வயதைக் கேட்கவில்லை. குறி பார்த்தேனே தவிர அதிலிருந்த குறியீடுகளைப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அடிப்பாகத்தின் தகட்டைத் திருப்பினால், உள்ளே நட்சத்திர வாய் வைத்த திருகாணி என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. அந்தக் காலத்தில் அப்படியொரு திருகாணியே இல்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த சுவர் அலங்காரம். அவருடைய பாட்டனாரை விடு, அது என்னைவிட இளையது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் யார்? ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் தொடர்மாடியின் அத்தனை அழைப்பு மணிகளிலும் பெயர்களை இடம் மாற்றி ஒட்டியவள். அப்பாவின் அலாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்து, பூட்டிக் கிடந்த வேலைத்தளத்தின் வாசலில் அவரை நிற்கவைத்தவள். காசு போனால் போகட்டும், சிரிக்க ஒரு பகிடியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். என் அம்மா வேலை முடிந்து வந்து சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பொய்த்துவக்கை நீட்டிக் குரலைத் தடிப்பாக்கி, கையைத் தூக்கச் சொன்னேன்.

அம்மா தூக்கினார். கத்தவில்லை, திடுக்கிடவில்லை. அகப்பையை மெதுவாக வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் காதுக்கு நேராக, விரல்கள் விரிய உயர்த்தினார். திரும்பிப் பார்க்கவும் இல்லை. எந்த வேகத்தில் தூக்க வேண்டும், எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில், என் வயதில், பட்டாளத்தின் சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் அவர் பழகிய பாடம் அது. அதுவரை எனக்கு அவர் அதைச் சொன்னதேயில்லை. அது நான்தான், பகிடிதான் என்று சொன்னேன். சொன்ன பிறகும் அந்தக் கைகள் கொஞ்ச நேரம் மேலேயே நின்றன. பிறகு இறங்கி, கருகத் தொடங்கியிருந்த வெங்காயத்தின் அடுப்பை அணைத்தன.

“இந்த வீட்டுக்கை துவக்கு வராது. பகிடிக்கும் வராது,” என்றார் அம்மா.

மகனே, என் வாழ்க்கையில் யாரும் சிரிக்காத பகிடி அது ஒன்றுதான். நீ என்னைப் போலப் பிறந்தால் (பிறப்பாய், எனக்குத் தெரியும்) இதை மட்டும் கேள்: ஒருவரைப் பயப்படுத்தி விளையாடுவதற்கு முன் அவர் எங்கே, எதற்குப் பயந்தவர் என்று விசாரி. நான் விசாரிக்கவில்லை. பதினாறு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டும் விசாரிக்கவில்லை. அந்தப் பொய்த்துவக்கை மறுநாளே, பொய்யென்ற உண்மையைச் சொல்லி, ஒரு நாடகக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் ஒரு வாக்கும் கொடுத்தேன்: இனி அவருக்குத் தெரியாமல் எதுவும் வாசற்படி ஏறாது, அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். வாக்கு ஆசையைக் கொல்லும் என்று நினைத்தேன். அது கொல்லவில்லை, கொஞ்சம் மரியாதை மட்டும் சொல்லிக்கொடுத்தது.

அடுத்த இரண்டு வருடம் துவக்கு எதையும் வாங்காமல் பார்க்க மட்டும் செய்தேன். அதுதான் மலிவாக வாங்குவதற்கான முதல் பயிற்சி என்று பிறகுதான் தெரிந்தது. இறந்தவர்களின் வீட்டைக் காலி செய்யும் விற்பனைகளுக்குப் போனேன். பாடசாலை வாத்தியக் குழுவுக்காகப் பழைய சாமான் விற்கும் லொப்பெமார்க்கெட்டுகளில், புத்தகங்களுக்கும் பனிச்சறுக்குப் பலகைகளுக்கும் நடுவே நின்று கிழவர்களின் கதையைக் கேட்டேன். பெரிய சேகரிப்பாளர்கள் எதை வேண்டாமென்று ஒதுக்குகிறார்களோ அதுதான் எங்களுக்கு. குழலை வெட்டிக் குட்டையாக்கி வேட்டைக்கு எடுத்துப்போன பட்டாளத்துத் துவக்கு, ஒரு துண்டு தொலைந்தது, வேறொரு துவக்கின் உறுப்பைப் போட்டது. அந்தக் காலத்தில் ஒரு துவக்கின் உறுப்புகளில் எல்லாம் ஒரே எண்ணை அடித்தார்கள். எல்லா எண்ணும் ஒன்றாயிருந்தால் விலை வானத்தில், ஒரு எண் மாறியிருந்தால் தரையில். குடும்பத்தில் ஒருவர் வேறு பெயரோடு இருந்தால் குடும்பமே பொய்யென்று சொல்வதுபோல இருக்கும் இந்தக் கணக்கு. எனக்கு அது பிடித்திருந்தது, ஏனென்றால் தரையில் விழுவதை நான் பொறுக்கலாம்.

இன்னொன்று. எதைக் கண்டெடுத்தாலும் கழுவாதே. வாக்குக்குப் பிறகு அம்மாவின் அனுமதியோடு நான் வாங்கிய ஒரே பொருள் உள்ளங்கையளவு பித்தளை வெடிமருந்துக் குடுவை. அது கறுத்துப்போயிருந்தது. எங்கள் வீட்டில் கறுத்த பித்தளைக்கு என்ன செய்வோம்? கார்த்திகை விளக்கீட்டுக்குக் குத்துவிளக்கை விளக்குகிற மாதிரிப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். தங்கம்போல மின்னியது. அதைப் பெருமையோடு காட்டியபோது அந்தக் கிழவர்களில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கறுப்புத்தான் அதன் வயதாம். நூறு வருடத்தை நான் பத்து நிமிடத்தில் புளியில் கரைத்துவிட்டேன்.

எனக்குப் பதினெட்டு முடிந்த புரட்டாதியில், ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு விளையாட்டு மண்டபத்தில் பழைய ஆயுதச் சேகரிப்பாளர்களின் சந்தை கூடியது. வாக்கின்படி அம்மாவிடம் சொன்னேன். போய்ப் பார்க்கப்போகிறேன், கம்மர்லாடர் ஒன்று வருகிறதாம், வாங்கலாமா என்று நேராகவே கேட்டேன். மறுக்கப்போகிறார் என்று தெரிந்துதான் கேட்டேன். அம்மா கைப்பையை எடுத்தார்.

“நானும் வாறன். உன்னை வெறுங்கையோடை திருப்பிக் கூட்டிக்கொண்டு வரத்தான் வாறன்.”

என் அம்மாவின் வேலையைப் பற்றி நீ இப்போது தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வைத்தியசாலையில், சத்திரசிகிச்சைக் கருவிகளைச் சுத்தமாக்கும் பகுதியில் இருபது வருடமாக வேலை செய்கிறார். கத்தரிக்கோல், இடுக்கி, கத்தி என்று நாளெல்லாம் உருப்பெருக்கியின் கீழ் இரும்பைத்தான் பார்ப்பார். ஒரு புள்ளித் துரு இருந்தால் அந்தக் கருவி திரும்பிப் போகும். எங்கள் வீட்டில் கரண்டிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. இந்தக் கண்ணை நான் அதுவரை ஒரு தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கம்மர்லாடர் மூன்றாவது மேசையில் கிடந்தது. பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து வந்திருந்த பெரிய தாடிக்காரர் அதன் சொந்தக்காரர். எல்லா எண்ணும் ஒன்று என்று மார்தட்டினார். கேட்ட விலை என் சேமிப்பைப்போல இரண்டு மடங்கு. நான் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். குழலில், அறையில், சுற்றும் கைபிடியில், எல்லாம் ஒன்றுதான். சரி, வானத்து விலை, நம் கைக்கு எட்டாது என்று நிமிர்ந்தால், பக்கத்தில் அம்மா கைப்பைக்குள்ளிருந்து நீல நிறக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு மடக்கு உருப்பெருக்கி வெளியே வந்தது. தாடிக்காரர் தன்னையறியாமல் ஓர் அடி பின்வாங்கினார். வைத்தியரைக் கண்ட நோயாளிகள் அப்படித்தான் செய்வார்கள்.

அம்மா துவக்கைத் தொடாமல் குனிந்து பார்க்கத் தொடங்கினார். பிறகு தொட்டார். பிறகு நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. பக்கத்து மேசைக்காரர்கள் தேநீரோடு வந்து வளைத்து நின்றார்கள்.

“பிள்ளை, இஞ்சை பார். துரு எல்லோ எண்ணுக்குள்ளை இறங்க வேணும். மற்ற இடமெல்லாம் அப்பிடித்தான் கிடக்கு. இந்தக் கைபிடியிலை எண்தான் துருவுக்குள்ளை இறங்கியிருக்கு.”

நான் பார்த்தேன். துருவின் குழிகளை வெட்டிக்கொண்டு எண்ணின் கோடுகள் ஓடின. துரு முதலில் வந்திருக்கிறது, எண் பிறகு வந்திருக்கிறது. யாரோ வேறொரு துவக்கின் கைபிடியைப் போட்டு, விலை ஏற்றுவதற்காக எண்ணைப் புதிதாக அடித்திருக்கிறார்கள். அம்மா அதையே நோர்வேஜிய மொழியில், வேலையிடத்துக் குரலில், தாடிக்காரருக்குச் சொன்னார். அவர் சிவந்தார். உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த மனிதர் தலையை ஆட்டி, முப்பது வருடமாகச் சேகரித்தும் தானும் இதைத் தவறவிட்டிருக்கக்கூடும் என்றார். தாடிக்காரர் நேர்மையானவர்தான். தன்னையும் எவரோ ஏமாற்றித்தான் விற்றிருக்க வேண்டும் என்று புலம்பிவிட்டு, அந்த இடத்திலேயே விலையைப் பாதியாக்கினார். விலை வானத்திலிருந்து என் காலடியில் வந்து விழுந்தது.

அம்மா துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். அவர் வந்த வேலை முடிந்தது, மகள் ஏமாறவில்லை. காசு சட்டைப்பைக்குள் சரியாக இருக்கிறது, மூன்று வருடக் கனவு ஒரு முழம் தள்ளிக் கிடக்கிறது. ஆனால் அந்தச் சமையலறையில் உயர்ந்து நின்ற கைகளையும் எனக்குத் தெரியும். வாக்கு வாக்குத்தான்.

“வாங்கோ அம்மா, போவம்,” என்றேன்.

“பொறு. இது ஆரையும் சுட்டதோ எண்டு கேள்.”

இவ்வளவு நேரம் நோர்வேஜிய மொழியில் வெளுத்து வாங்கியவர் இந்தக் கேள்வியை மட்டும் என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். தாடிக்காரர் விற்கிறவரின் அவசரத்தோடு பதில் சொல்லவில்லை, நின்று யோசித்தார். இது செய்த காலத்தில் இந்த நாட்டில் சண்டையே இல்லை என்றார். பட்டாளத்துக் களஞ்சியத்தில் தூங்கியது, பிறகு புது மாதிரி வந்ததும் மலிவாகத் தள்ளிவிட்டார்கள், தங்கள் பள்ளத்தாக்கில் வயல் செய்த ஒரு கமக்காரர் வாங்கினார், எல்க் மான் ஒன்றிரண்டு விழுந்திருக்கலாம், அதற்குத் தான் பொறுப்பில்லை. பிறகு வைக்கோல் அறையில் ஆணியில் தொங்கியதாம். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். தேவையில்லை என்று அம்மா கையைக் காட்டினார். எல்லாம் அவருக்கு விளங்கியிருந்தது.

பாதி கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு துவக்கை எடுத்தார். இந்த முறை பரிசோதிக்க எடுக்கவில்லை. அடிப்பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்து, குழலை நிலத்தைப் பார்க்கவிட்டு, சும்மா வைத்திருந்தார்.

“நான் இவ்வளவு நாளும் இதின்ரை வாயைத்தான் பாத்தனான், பிள்ளை. பிடிப் பக்கம் எப்பிடியிருக்குமெண்டு இண்டைக்குத்தான் தெரியும்.”

அவர் கைபிடியைச் சுற்றினார். சின்ன அறை தலையை உயர்த்தி எட்டிப் பார்த்தது. அம்மா சிரித்துவிட்டார். பதினைந்து வயதில் கண்ணாடிப் பெட்டிக்கு முன் எனக்கு வந்த அதே சிரிப்பு. திரும்பச் சுற்றினார், உள்ளே போனது. இன்னொரு தடவை. நான்காவது தடவைக்குத் தாடிக்காரரும் சிரிக்கத் தொடங்கினார். பாவம், அடுத்து என்ன வரப்போகிறதென்று அவருக்குத் தெரியாது.

இந்த நாட்டில் பேரம் பேசுவது மரியாதைக் குறைவு. ஆனால் என் அம்மா ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில், மரக்கறிக் கடைகளில் முருங்கைக்காய் விலையைக் குறைத்துப் பழகியவர். காம்பு வாடியிருக்கிறது என்பார், அரைவாசி முற்றல் என்பார், ஒரு அடி நடந்து திரும்பி வருவார். முருங்கைக்காய்க்குச் செய்த அத்தனையையும் துவக்குக்கும் செய்தார். நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதானே. கட்டையில் கீறல் இருக்கிறது என்றார், தோல்வார் இல்லையே என்றார், கதவுப் பக்கம் நான்கு அடி வைத்தார். பாதி விலை இன்னும் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் எப்படிக் கொண்டுபோவது, ஆயுதத்தை மூடித்தானே கொண்டுபோக வேண்டும் என்று தாடிக்காரரையே கேட்டு, அவருடைய பழைய பனிச்சறுக்குப் பலகைப் பையையும் சும்மா வாங்கிக்கொண்டார். நான் காசைக் கொடுத்தேன். தாடிக்காரர் என் கையைக் குலுக்கவில்லை. அம்மாவின் கையைத்தான் குலுக்கினார்.

டி-பானே சுரங்க ரயிலில் அம்மா அந்த நீளப் பையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரில் எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை ஒருவர் வந்து உட்கார்ந்து, இலையே இன்னும் விழவில்லை, அதற்குள் பனிச்சறுக்கோ என்று விசாரித்தார். விலை குறைவாகக் கிடைத்தது, விட மனமில்லை என்றார் அம்மா, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். என் குறும்பு எங்கிருந்து வந்ததென்று மோர்டென்ஸ்ருட் வந்து சேருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் நான் பையை வாங்கக் கை நீட்டினேன். அம்மா தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினார். அப்பா ஏதோ கேட்க வாயைத் திறந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆணி எடுக்கப் போனார்.

மகனே, அது இன்றைக்கும் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதைக் காட்டுகிறார். முதலில் காட்டுவது அந்தப் பொய்யெண்ணைத்தான், அதுதான் அவருடைய வெற்றிப் பதக்கம். பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டால் பிடிப் பக்கத்தை நீட்டிக் கொடுப்பார். யாரும் யாரையும் நோக்கி நீட்டக்கூடாது, அது சட்டம். ஞாயிறு தோறும் மெல்லிய எண்ணெய் பூசுகிறார். என் கம்மர்லாடர் என்று நான் ஒருமுறை சொன்னபோது, எது என்று கேட்டார்.

நேற்றுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அதையும் துரொண்ட்ஹெய்முக்குக் கொண்டுபோவதாக மெல்லச் சொல்லிப் பார்த்தேன். மாணவர் விடுதியின் ஈரம் இரும்புக்கு ஆகாது என்றார். நான் கட்டில் விரிப்பையே மடிக்காதவள் என்றார். அப்பாவைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சிக்குள் போய்விட்டார். காசு கொடுத்தது நான், கனவு கண்டது நான், கண்டுபிடித்தது நான் என்று நியாயம் பேசினேன். அம்மா சுவரைப் பார்த்து, அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நீ வேறை ஒண்டு பாரன். நானும் வாறன்.”

துரொண்ட்ஹெய்மில் அடுத்த மாதம் ஒரு சந்தை கூடுகிறது. இன்று காலையில் அம்மா எனக்குச் சொல்லாமலே ரயில் சீட்டை எடுத்துவிட்டார்.

உன் அம்மா